மாடி மண்புழு உரத் தொட்டிக்கு ஆப்பிரிக்கப் புழுதான் வேணுமா?

கத்திரிக்காடு: "நாட்டுப் புழு சமையல்கட்டுக் கழிவைத் தின்னாது, ஆப்பிரிக்கப் புழு வாங்கினாத்தான் உரம்" என்று மண்வாசனை நேற்று நம் இணையக் குழுவில் எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் நம் நாட்டு மண்புழுதானே? மட்கும் இலையிலும் சாணக் குவியலிலும் கிடப்பது, காய்கறித் தோலை நன்றாகவே தின்னும். சென்னை புதுக்கல்லூரிப் பேராசிரியராக இருந்த சுல்தான் இஸ்மாயில் இதையும் இன்னொரு நாட்டு மண்புழுவான லாம்பிட்டோ மௌரிட்டியையும் வைத்துத்தானே உரம் செய்து காட்டினார்?

மண்வாசனை: காலேஜ் வேற, அம்பத்தூர் மொட்டை மாடி வேற சார். யூட்ரிலஸ், அதான் அந்த ஆப்பிரிக்கப் புழு, பெரிய புழு. வேகமாத் தின்னும், பிரிச்செடுக்கவும் சுலபம். எங்க கேட்டாலும் இதைத்தான் அள்ளிக் கொடுக்கறாங்க. சும்மாவா?

கத்திரிக்காடு: விற்கிறவர் கையில் இருப்பதைத்தான் கொடுப்பார். நாட்டுப் புழு தின்னாது என்றீர்களே, அதற்கு ஆதாரம்?

முல்லைக்கொடி: அண்ணா, நடுவில் ஒரு சந்தேகம். தொட்டியில் எறும்பு ஏறுது. என்ன செய்ய?

கத்திரிக்காடு: தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள் தங்கச்சி. நிழலில் வைத்து மேலே நனைத்த கோணிச் சாக்கைப் போடுங்கள். பச்சைச் சாணம் சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும், ஆறின சாணம்தான் போடணும். எலுமிச்சைத் தோல், மிச்சக் குழம்பு இரண்டும் கூடாது. மண்வாசனை, என் கேள்வி அப்படியே இருக்கிறது.

மண்வாசனை: எலுமிச்சைத் தோல் கொஞ்சம் விழுந்தா ஒண்ணும் ஆகாது. எதுக்கெடுத்தாலும் தடை! உங்க நாட்டுப் புழு மழை மூட்டம் போட்டாலே தொட்டியேறி ஓடிடும். காலையில பாத்தா மாடித் தரையெல்லாம் காஞ்சு கிடக்கும்.

கத்திரிக்காடு: ஓடுமா என்று கேட்கவில்லை. தின்னுமா என்று கேட்டேன்.

வாத்தியார்: இரண்டு பேரும் சிவப்புப் புழுவை மறந்துவிட்டீர்கள். அதுதான் ஐசீனியா ஃபெடிடா; குளிர்ந்த ஊருக்கு ஏற்றது, நம்ம சித்திரை வெயிலுக்குத் தாங்காது. டார்வின் 1881இல் மண்புழுவுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்...

மண்வாசனை: டார்வின் அம்பத்தூர்லயா தொட்டி வெச்சாரு? பாடம் வேற இழையில எடுங்க ஐயா.

வாத்தியார்: வயசுக்காவது மரியாதை கொடுங்கள்.

கத்திரிக்காடு: வாத்தியாரை விடுங்கள். மீன் அமில உரம் பற்றிய இழையிலும் இப்படித்தான் நழுவினீர்கள். நாட்டுப் புழு தின்னாது என்று எதை வைத்து எழுதினீர்கள்?

மண்வாசனை: அன்னிக்கு என்னைப் போலி இயற்கை விவசாயின்னு சொன்னது நீங்கதானே? மறக்கல. யூட்ரிலஸ் அளவுக்குத் தின்னாதுன்னுதான் சொன்னேன்.

கத்திரிக்காடு: "அளவுக்கு" என்ற சொல்லே நேற்றைய பதிவில் இல்லை. மேலே போய்ப் படியுங்கள்.

முல்லைக்கொடி: அண்ணா, கிண்ணத்துத் தண்ணியில கொசு முட்டை வைக்காதா?

கத்திரிக்காடு: தினமும் மாற்றுங்கள். மண்வாசனை, தின்னுமா தின்னாதா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

மண்வாசனை: என் தொட்டி, என் புழு. உங்களுக்குப் பதில் சொல்லணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?