அம்பாசிடருக்கு சில் மாத்துன பொறவு முன்கதவு சாத்த மாட்டேங்குது, ஒரு வழி சொல்லுங்க

கோபி தென்னந்தோப்பு:
வணக்கமுங்க. அப்பாரய்யன் ஓட்டுன 1986 அம்பாசிடர், மார்க் 4, டீசல். எட்டு வருசமா வாய்க்கா ஓரத்துச் சாளையில நின்ன வண்டி. இடது பக்கம் கதவுகளுக்கு அடியில நீளமா ஓடுற சில் பெட்டி முழுக்கத் துரு. காலடி மேட்டைத் தூக்கிப் பார்த்தா நனைஞ்ச தேங்கா மஞ்சியாட்ட கையோட வருது. வெளிய அழகா பெயின்ட்டு, அதை உரிச்சா ஒரு வெரக்கடை கனத்துக்குப் பட்டி.

நானும் மச்சானும் ரெண்டு கதவையும் கழட்டிப்போட்டு, சில்லை முழுசா வெட்டி எடுத்துட்டு, புதுத் தகட்டை மடிச்சு வெல்டு வச்சோம். இப்ப முன்கதவை மாட்டுனா மேல் மூலை நடுத்தூண்ல உரசுது, கீழ சுண்டு விரல் போகுது. பூட்டு கொக்கிக்கு 6 மி.மீ. கீழ நிக்குது. கீலை நிமித்தலாமுங்களா?

பொள்ளாச்சி ஹெரால்டு:
என்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்லயும் இதே தொல்லை. பாடிக்கும் சேசிசுக்கும் (அடிச்சட்டம்) நடுவுல தகடு வச்சுத் தூக்குனேன், கதவு தானா உக்காந்துக்கிச்சு. நீங்களும் வாசர் வச்சுப் பாருங்க தம்பி.

உக்கடம் டிங்கர்:
அண்ணா, தப்பா நினைக்காதீங்க, ஹெரால்டு சங்கதி வேறங்க. மெட்ராசுல செஞ்ச அந்த வண்டிக்குச் சேசிஸ் தனி, பாடி தனி, தகடு வச்சு மட்டம் பார்க்கிறதுதான் முறையே. அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் ஏது? பாடியேதான் எலும்பு, அதுல சில் முதுகெலும்பு மாதிரி. கீலைத் தொட்டா கதவு சாத்தும், ஆனா வளைஞ்ச வண்டி வளைஞ்சேதான் இருக்கும்.

தம்பி, ரெண்டு கேள்வி. வெட்டும்போது ஜாக்கி எங்க இருந்துச்சு? கதவு வாசல்ல குறுக்குக் கம்பி ஏதாவது குடுத்தீங்களா? ரெண்டு பக்க முன்கதவு வாசலையும் மேல ஒருக்கா, கீழ ஒருக்கா அளந்து போடுங்க.

கோபி தென்னந்தோப்பு:
முன்னாடி பின்னாடி ஸ்டாண்டு, நடுவுல ஒண்ணுமில்லீங்க. குறுக்குக் கம்பியும் குடுக்கலை. வலது வாசலோட ஒத்துப் பார்த்தா இடது வாசல் மேல 5 மி.மீ. குறைச்சல், கீழ 4 மி.மீ. எச்சு.

உக்கடம் டிங்கர்:
அப்ப சரியாப் போச்சு. நடுவுல தாங்கல் இல்லாததால வண்டி தொட்டிலாட்ட தொங்கிருச்சு, தொங்குன வாக்குலயே நீங்க வெல்டு வச்சுப் பூட்டிட்டீங்க. கசக்கத்தான் செய்யும், ஆனா வெல்டைப் பிரிக்கணுமுங்க.

முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டுங்க, சீட்டு, மேட்டு, பஞ்செல்லாம் வெளிய எடுங்க, ஒரு வாளி தண்ணி பக்கத்துல இருக்கட்டும். நடுத்தூணுக்கு நேர் கீழ மரக்கட்டை வச்சு பாட்டில் ஜாக்கி குடுங்க. வாசல்ல இடுப்பு உயரத்துக்கு ரெண்டு முனையிலயும் நட்டு வச்ச திருகுக் கம்பியை நிறுத்துங்க. அப்பறம் கிரைண்டரை எடுத்து வெல்டை அறுத்து விடுங்க. கதவை மாட்டி வச்சே ஜாக்கியைக் கால் சுத்து கால் சுத்தா ஏத்துங்க, அப்பப்ப கதவைச் சாத்திப் பாருங்க. கீல் போல்ட்டு ஒண்ணையும் தொடக்கூடாது. சந்து மேலயும் கீழயும் ஒண்ணா வந்து, பூட்டு கொக்கியில உக்கார்ற வரைக்கும் வெல்டிங் மெசினை ஆன் பண்ணாதீங்க. என்ற குரு கதவு மாட்டாம சில் வச்ச பையனைப் பட்டறையை விட்டே வெரட்டிருவாரு.

கரூர் பாடி கட்டுறவ:
நாங்க பஸ் பாடிக்கும் இதேதான் பண்றோமுங்க. ஒரே மூச்சுல இழுத்து வெல்டு வச்சா தகடு சூட்டுல முறுக்கிக்கும். இந்த மூலையில ஒரு பொட்டு, அந்த மூலையில ஒரு பொட்டு, நடுவுல ஒண்ணு. கை வச்சா சுடாத பொறவு அடுத்தது. 0.8 கம்பி போட்ட கார்பன்-டை-ஆக்சைடு வெல்டிங் போதும், கேஸ் தீயில வைக்கிற வெல்டிங் வேண்டாம். எந்தத் தகடு போட்டீங்க?

கோபி தென்னந்தோப்பு:
உக்கடத்துல எடுத்ததுங்க, 18 கேஜ். பளபளன்னு வெள்ளையா இருந்துச்சு.

கரூர் பாடி கட்டுறவ:
அது துத்தநாகம் பூசுன தகடு! வெல்டு வைக்கிற எடத்துல பூச்சைத் தேச்சு எடுத்துட்டு, காத்தோட்டத்துல வேலை பாருங்க. அந்த வெள்ளைப் புகையை இழுத்தா சாயங்காலம் நடுங்கிக்கிட்டு காய்ச்சல் வரும். எங்க பட்டறையில ஒரு பையன் டெங்குன்னு நினைச்சு ஆஸ்பத்திரிக்கே போயிட்டான்.

கோபி தென்னந்தோப்பு:
மச்சானுக்கு அன்னைக்கு ராத்திரி குளிர்சுரம் வந்துச்சுங்க! கெடா வெருந்துன்னு நினைச்சோம்.

பன்னெண்டு நாள் கழிச்சு எழுதுறேன். பிரிச்சு, தூக்கி, பொட்டுப் பொட்டா வச்சாச்சு. ஜாக்கி ஏறும்போது ‘டிக்’குன்னு ஒரு சத்தம், அதோட பூட்டு கொக்கிக்கு நேரா வந்துருச்சு. இப்ப ரெண்டு வெரல்ல தள்ளுனா சாத்துது. மேல இன்னும் 1 மி.மீ. குறைச்சல், விட்டரலாமுங்களா?

உக்கடம் டிங்கர்:
விட்டருங்க, அது ஃபேக்டரியில வந்தப்பவே அப்படித்தான் இருந்திருக்கும். இனி துரு எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. கண்ணாடி ரப்பர் காய்ஞ்சா தண்ணி கதவுக்குள்ள எறங்கும், கதவடி ஓட்டை அடைச்சிருந்தா உள்ளயே தேங்கி, மடிப்பு வழியா வழிஞ்சு சில்லுக்குப் போகும். பழைய பட்டி அந்த ஓட்டையை அடைச்சிருக்குதான்னு பாருங்க. புது சில்லோட அடியிலயும் ரெண்டு மூணு ஓட்டை போடுங்க, உள்ள துரு தடுக்குற ரெட் ஆக்சைடு பெயின்ட்டு காய்ஞ்ச பொறவு மெழுகு பீச்சி விடுங்க. பழைய இஞ்சின் ஆயில் ஊத்தாதீங்க, மறுபடி வெல்டு வைக்க வேண்டி வந்தா தீ புடிச்சுக்கும்.

கோபி தென்னந்தோப்பு:
பார்த்தேனுங்க. மூணு ஓட்டையும் பட்டியால மொழுகியிருக்குது. சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்துனதும் அரை சொம்புத் தண்ணி கருப்பா கொட்டுச்சு. வலது கதவையும் நாளைக்குக் கழட்டப் போறோம், இந்தத் தடவை குறுக்குக் கம்பி குடுத்துட்டு.