வக்கீல் வைக்கக் காசில்லை, பையன் ஜெயிலில் இருக்கிறான். இலவச வக்கீலை நம்பலாமா?

கேள்வி: தெருக்கோடி

எங்கள் தெருவில் இட்லிக் கடை போடும் அக்காவின் மகனுக்கு 23 வயது. பைக் திருட்டு வழக்கில் பிடித்து 11 நாளாகிறது, சப் ஜெயிலில் இருக்கிறான். ஜாமீனுக்கு மட்டும் ஒரு வக்கீல் 25,000 ரூபாய் கேட்டிருக்கிறார். அக்கா கம்மலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார், நான்தான் இரண்டு நாள் பொறுங்கள் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். இலவச வக்கீல் கேட்டால் வருமானச் சான்றிதழ் வேண்டும், அதற்கே நாளாகும் என்கிறார் ஒருவர். வருகிற வக்கீல் வாயே திறக்க மாட்டார் என்கிறார் இன்னொருவர். எது உண்மை?

பதில்: பழைய தன்னார்வலர்

கம்மல் காதிலேயே இருக்கட்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்ப்பதே கிடையாது. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12 இதைச் சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் அப்படித்தான். நாளைக் காலையில் மாவட்ட கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அக்காவைக் கூட்டிப் போங்கள். தாலுகா கோர்ட் வழக்கென்றால் அங்கேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். வெள்ளைத்தாளில் பையன் பெயர், போலீஸ் ஸ்டேஷன், குற்ற எண், எந்த ஜெயில் என்று எழுதிக் கொடுத்தால் போதும். குற்ற எண் எஃப்ஐஆரில் இருக்கும். போக முடியாவிட்டால் 15100க்கு போன் செய்யுங்கள். ஜெயிலுக்குள் இருந்து பையனே மனு கொடுக்கவும் வழி உண்டு. அப்புறம், இந்த வக்கீலுக்கு அரசுதான் பணம் கொடுக்கிறது, டைப்பிங் செலவு, குமாஸ்தா செலவு என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பதில்: மலைக்கோட்டை

வாய் திறக்க மாட்டார் என்பது முழுப் பொய் இல்லை. என் மச்சான் வழக்கில் முதலில் வந்தவர் மூன்று வாய்தாவுக்கு வரவே இல்லை, அவன் உள்ளே கிடந்து வாடியது எங்களுக்குத்தான் தெரியும். தேதி வாரியாக எழுதி ஆணைக்குழுச் செயலாளரிடம் கொடுத்தோம், ஆளை மாற்றினார்கள், அடுத்து வந்த அம்மா ஜெயிலுக்கே போய் அவனிடம் பேசிவிட்டுத்தான் மனு போட்டார். அதனால் வக்கீல் பெயரையும் நம்பரையும் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் வீட்டிலிருந்து ஒருவர் போய் நில்லுங்கள்.

பதில்: ஜூனியர்

ரிமாண்ட் அன்று, அதாவது கோர்ட் காவலில் வைக்க உத்தரவிட்ட அன்று, மாஜிஸ்திரேட் பையனிடம் வக்கீல் வேண்டுமா என்று கேட்டாரா? கேட்டே ஆக வேண்டும். அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த சுக் தாஸ் என்ற அரசு ஊழியரை வக்கீலே இல்லாமல் விசாரித்து 2 வருடம் தண்டனை கொடுத்தார்கள். அவர் உதவி கேட்கவில்லையே என்று அரசுத் தரப்பு வாதாடியது. உரிமை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1986இல் தண்டனையை ரத்து செய்தது. எனக்கு இந்தத் தொழிலில் பிடிப்பு வந்ததே அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான்.

பெயருக்கு ஒருவரை நிறுத்துவதும் செல்லாது. மத்தியப் பிரதேசத்தில் அனோகிலால் என்பவருக்கு வக்கீல் நியமித்த அன்றே குற்றச்சாட்டு பதிவாகி, இரண்டே வாரத்தில் தூக்குத் தண்டனை. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது.

உங்கள் வழக்கில் நாள் கணக்கு முக்கியம். வெறும் திருட்டுப் பிரிவு மட்டும் என்றால் ரிமாண்டிலிருந்து 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போட வேண்டும். போடாவிட்டால் ஜாமீன் அவன் உரிமை, ஆனால் மனு போட்டால்தான் கிடைக்கும். அதைத் தவறவிடாமல் போடவாவது இப்போதே ஒரு வக்கீல் வேண்டும்.

தெருக்கோடி:

இன்று மனு கொடுத்துவிட்டோம், நாளை வக்கீல் பெயர் சொல்வதாகச் சொன்னார்கள். கோர்ட்டில் யாரும் எதுவும் கேட்டதாக அவனுக்கு நினைவில்லை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஜாமீன் கிடைத்தாலும் நிற்க ஜாமீன்தாரர் இரண்டு பேர் தேவைப்படுமா? அக்காவுக்கு இந்த ஊரில் சொந்தம் யாரும் இல்லை.

ஜூனியர்:

பெரும்பாலும் கேட்பார்கள். ஜாமீன் உத்தரவு வந்தும் 7 நாளில் வெளியே வர முடியாவிட்டால் ஜெயில் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, நிபந்தனையைத் தளர்த்த அதே இலவச வக்கீல் மனு போடலாம். நாளை அவரைப் பார்க்கும்போது முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.