ஹீட்டர் விசிறி கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது, கருகிய வாடையும் வருகிறது: எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

கேள்வி – குன்னூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டில் தயாரான பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். சாதாரண மேனுவல் ஏசி, நான்கு வேகங்களுக்கான திருகு சுவிட்ச், ஏர்பேக் கிடையாது. சென்ற மழைக்காலத்திலிருந்து ஹீட்டர் விசிறி முதல் மூன்று வேகங்களில் அசையவே இல்லை. நான்காவதில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் பள்ளத்தில் ஏறி இறங்கினால் நின்றுவிடுகிறது, சற்றுத் தொலைவு சென்றதும் தானாகவே ஓடத் தொடங்குகிறது. கூடவே க்ளவ் பாக்ஸின் அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடையும் வருகிறது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது சிறிய குறையாகத் தோன்றலாம். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாரைத் தாண்டி மாலையில் மேலேறும்போது மூடுபனியில் முன்கண்ணாடியின் உட்புறம் நொடியில் மங்கிவிடும். அந்த வளைவுகளில் விசிறி இல்லாமல் வண்டி ஓட்டுவது ஆபத்து. பணிமனை ஒன்றில் காட்டியபோது, டேஷ்போர்டைக் கழற்றி ஹீட்டர் பெட்டியையே முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். அது உண்மையிலேயே தேவையா? என்னிடம் ஒரு மல்டிமீட்டரும் திருப்புளிகளும் உள்ளன; படிப்படியாகச் சொன்னால் பொறுமையாகச் செய்வேன்.

பதில் – மேட்டுப்பாளையம் எலக்ட்ரீஷியன்

வணக்கம் ஐயா. முதலில் ஒன்று: கருகும் வாடை வருவதால் விசிறியின் ஃபியூஸை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். சோதனைக்கு மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அதுவரை அவசியமான பயணங்களில் பக்கக் கண்ணாடிகளைச் சற்று இறக்கி வைத்து ஓட்டுங்கள்.

ஹீட்டர் பெட்டியை மாற்றத் தேவையில்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ஜினின் சூடான கூலன்ட் ஓடும் சிறு ரேடியேட்டர். உங்களுக்குக் காற்று வரும்போது அது சூடாகவே வருகிறது என்றால் அந்தப் பாகத்தில் குறை இல்லை. குறை மின்சாரப் பாதையில்தான் இருக்கிறது.

நான்காவது வேகத்தில் மோட்டாருக்கு முழு மின்னழுத்தமும் நேராகச் செல்கிறது. மற்ற மூன்று வேகங்களிலும் கம்பிச் சுருள்களாலான ரெசிஸ்டர் ஒன்று இடையில் வந்து ஓட்டத்தைக் குறைக்கிறது. மூன்றும் ஒரே சமயத்தில் போய்விட்டன என்றால், மூன்று சுருள்களும் ஒன்றாக அறுந்தன என்று கொள்ள முடியாது. அவற்றுக்குப் பொதுவாக ரெசிஸ்டரிலேயே பொருத்தப்பட்டிருக்கும் வெப்ப ஃபியூஸ் (சூடு மிகுந்தால் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும் பாகம்) அறுந்திருக்கும். க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் விசிறியின் காற்றுக்குழலில் இரண்டு திருகுகளால் இது பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டரை வெளியே எடுங்கள். பொது முனைக்கும் மற்ற முனைகளுக்கும் இடையே ஓம் பாருங்கள். இவை ஓரிரு ஓம் அளவிலானவை என்பதால், மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவை முதலில் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது வேகம் விட்டுவிட்டு வருவதும் வாடையும் வேறு கதை. ரெசிஸ்டரின் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில் – கோவை வாசகர்

ஒரு சேர்க்கை. அந்த ரெசிஸ்டரைக் காற்றுக்குழலுக்குள் வைத்திருப்பதே விசிறியின் காற்றால் அது குளிர வேண்டும் என்பதற்காகத்தான். மலைப்பகுதி வண்டிகளில் வைப்பருக்குக் கீழுள்ள காற்றுத் திறப்பில் யூகலிப்டஸ், சில்வர் ஓக் இலைகள் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தால் மோட்டாரின் சுமை கூடி, அது அதிக மின்சாரம் இழுத்து ரெசிஸ்டரை எரித்துவிடும்.

பதில் – மேட்டுப்பாளையம் எலக்ட்ரீஷியன்

முதல் பாதி மிகச் சரி. இரண்டாவதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், ஏனெனில் தேடலின் திசையே இதனால் மாறிவிடும். இந்த வகை விசிறிச் சக்கரத்தின் காற்று வழியை அடைத்தால் அது தள்ள வேண்டிய காற்று குறைகிறது. எனவே மோட்டார் வேகம் கூடி, மின்சாரத்தைக் குறைவாகவே இழுக்கும். வீட்டு வேக்யூம் கிளீனரின் குழாயைக் கையால் மூடினால் சத்தம் உச்சத்துக்கு ஏறுவதும் இதனால்தான். ஆகவே அடைப்பு ரெசிஸ்டரைக் கெடுப்பது குளிர்ச்சி குறைவதால் மட்டுமே. ஆனால் இலைகள் உள்ளே விழுந்து சக்கரத்தில் உரசினாலோ, மோட்டாரின் புஷ் (அச்சைத் தாங்கிச் சுழலவிடும் வளையம்) வறண்டு இறுகினாலோ, அப்போது மின்னோட்டம் உண்மையாகவே ஏறும். பிளக் கருகியிருந்தால் நாம் தேட வேண்டியது அதைத்தான்.

கேள்வியாளர் – குன்னூர்வாசி

விரிவான பதில்களுக்கு நன்றி. நீங்கள் சொன்னபடியே ரெசிஸ்டரில் பொது முனைக்கும் மற்ற எந்த முனைக்கும் தொடர்பு இல்லை. சுருள்களுக்குள் தொடர்பு இருக்கிறது. பிளக்கில் ஒரு துளை மட்டும் பழுப்பேறி உருகியிருக்கிறது. அதிலிருந்து வரும் கம்பியின் உறையும் விரைத்துப் போய்விட்டது. வைப்பருக்குக் கீழே இரு கை கொள்ளும் அளவுக்குச் சருகு கிடந்தது, அகற்றிவிட்டேன். தெரிந்த ஓட்டுநர் ஒருவர், உருகிய பிளக்கை வெட்டிவிட்டுக் கம்பிகளை நேராக முறுக்கி, ஃபியூஸை 20க்குப் பதில் 30 ஆம்பியராகப் போட்டால் போதும் என்கிறார். செய்யலாமா?

பதில் – மேட்டுப்பாளையம் எலக்ட்ரீஷியன்

வேண்டாம் ஐயா, தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபியூஸ் காப்பது மோட்டாரை அல்ல, கம்பியை. 20 ஆம்பியருக்கென்று போட்ட கம்பியில் 30 ஆம்பியர் ஃபியூஸை வைத்தால், அடுத்த முறை டேஷ்போர்டுக்குப் பின்னால் கம்பியே ஃபியூஸாக எரியும். அதே காரணத்தால் வெப்ப ஃபியூஸின் மேல் கம்பியைச் சுற்றி இணைக்கும் வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை.

இப்போது மின்னழுத்த இழப்பைப் பாருங்கள். பிளக்குகளை அவற்றின் இடத்தில் செருகி, என்ஜினை ஓடவிட்டு, நான்காவது வேகத்தில் வைத்து, மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையிலும், பிறகு மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையிலும் அளவு எடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு மிகுந்திருந்தால், பேட்டரி பாசிட்டிவிலிருந்து மோட்டார் பாசிட்டிவ் வரை ஓர் அளவு, மோட்டார் நெகட்டிவிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை ஓர் அளவு. எந்தப் பாதியில் இழப்பு அதிகமோ அந்தப் பாதியில் ஒவ்வோர் இணைப்பாக முன்னேறுங்கள். ஓம் சோதனையில் நல்லதாகத் தெரியும் இணைப்பு, சுமை ஓடும்போதுதான் தன் குறையைக் காட்டும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாக அளக்க முயலாதீர்கள். கம்பியை வெட்டாமல் அதைச் சுற்றிப் பிடித்து டிசி (நேர் மின்னோட்டம்) அளக்கும் க்ளாம்ப் மீட்டரை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த க்ளாம்ப் மீட்டர்கள் பல ஏசி மின்னோட்டத்தை (வீட்டு மின்சாரம் போன்ற மாறுதிசை மின்னோட்டத்தை) மட்டுமே அளக்கும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வியாளர் – குன்னூர்வாசி

அளந்துவிட்டேன். பேட்டரியில் 13.9 வோல்ட், மோட்டாரில் 10.6. பாசிட்டிவ் பக்கத்தில் இழப்பு 0.4 மட்டுமே, மீதி 2.9 வோல்ட் முழுவதும் எர்த் (நெகட்டிவ்) பக்கத்தில். அதில் உருகிய அந்த ஒரே முனையில் 2.2, சுவிட்சில் 0.4, பாடியில் எர்த் போல்ட் இருக்குமிடத்தில் 0.3. மின்னோட்டம் 17 ஆம்பியர். ஒன்று மட்டும் புரியவில்லை: நான்காவது வேகத்தில் ரெசிஸ்டரே பாதையில் இல்லை என்றீர்கள், பிறகு அதன் பிளக் ஏன் சூடாகிறது?

பதில் – மேட்டுப்பாளையம் எலக்ட்ரீஷியன்

நல்ல கேள்வி. உங்கள் வண்டியில் மோட்டாருக்கு பாசிட்டிவ் நேராக வந்து, எர்த் பாதைதான் சுவிட்ச் வழியாகச் செல்கிறது என்பது உங்கள் அளவுகளிலிருந்தே தெரிகிறது. இத்தகைய அமைப்புகள் சிலவற்றில் மோட்டாரின் நெகட்டிவ் கம்பி ரெசிஸ்டரின் பொது முனையில் வந்து சேர்ந்து, அங்கிருந்தே சுவிட்சின் நான்காவது நிலைக்கும் பிரிகிறது. சுருள்களில் மின்சாரம் ஓடாவிட்டாலும் பிளக்கின் அந்த முனையைக் கடந்தே அது போகிறது. 2.2 வோல்ட்டை 17 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 37 வாட். சிறிய சால்டரிங் அயர்னின் சூடு அது. அவ்வளவும் விரல்நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துளைக்குள். உருகாமல் என்ன செய்யும்? தளர்ந்த முனை சூடாகும், சூட்டில் அதன் பிடிப்பு இன்னும் தளரும், பள்ளத்தில் குலுங்கும்போது தொடர்பு விட்டுப்போகும். உங்கள் மூன்று தொல்லைகளும் இங்கே ஒன்று சேர்கின்றன.

ஆனால் 10.6 வோல்ட்டிலேயே 17 ஆம்பியர் இழுப்பது உங்கள் வண்டியின் சிறிய மோட்டாருக்கு மிகுதி என்று எனக்குப் படுகிறது. மூன்று திருகுகளைக் கழற்றி மோட்டாரைக் கீழே இறக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சில சுற்றுகள் ஓடி நிற்க வேண்டும். உடனே நின்றால் புஷ் போய்விட்டது. அதை விட்டுவிட்டுப் புது ரெசிஸ்டரும் புது பிளக்கும் மட்டும் போட்டால், அவையும் இதே வழியில் போகும்.

கேள்வியாளர் – குன்னூர்வாசி

சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாக ஓடவில்லை. புது மோட்டாரும் ரெசிஸ்டரும் வாங்கி, உருகிய பிளக்கை அதன் கம்பித் துண்டோடு மாற்றினேன். எர்த் போல்ட்டின் அடியை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். இப்போது நான்கு வேகங்களும் வருகின்றன. உச்ச வேகத்தில் 12 ஆம்பியர், பிளக்கின் அந்த முனையில் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே. சுவிட்சில் மட்டும் சிறிது இழப்பு மீதம் இருக்கிறது. அதற்காக நான்காவது வேகத்துக்குத் தனி ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) போடுவது நல்லதா?

பதில் – மேட்டுப்பாளையம் எலக்ட்ரீஷியன்

மிக்க மகிழ்ச்சி ஐயா. 12 ஆம்பியரில் இப்போதைக்கு ரிலே தேவையில்லை. அரை மணி நேரம் உச்ச வேகத்தில் ஓடவிட்டு, சுவிட்சின் பின்புறப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் சுவிட்சை மாற்றிவிடுங்கள். பின்னாளில் ரிலே போட்டாலும், அதற்கான புதிய கம்பி 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமலும், அதன் ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலும் இருக்கட்டும். வைப்பருக்குக் கீழுள்ள திறப்பின் வலை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிழிந்திருந்தால் அடுத்த காற்றுக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.