பொருள்: படத்தின் முதுகையும் அனுப்புங்கள்

சொந்தங்களுக்கு வணக்கம்.

பழைய படங்களும் கடிதங்களும் கேட்டுப் போன மாதம் எழுதியிருந்தேன். நூற்றுக்கும் மேல் வந்து சேர்ந்துவிட்டன. தேடி எடுத்து அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அதில் முக்கால்வாசியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கிறேன். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி, முகமெல்லாம் கரைந்துபோய் வந்திருக்கிறது. "இது யாரு?" என்று கேட்டால், "அப்பாவுக்குத்தான் தெரியும், அவர் இப்ப இல்லையே" என்று பதில் வருகிறது.

ஒரு படத்தின் கதையை மட்டும் சொல்கிறேன். ஒரு கட்டடத்தின் முன்னால் மூன்று வரிசையாக 26 பேர். முன்னால் தரையில் பிள்ளைகள்; அதில் ஒரு பையன் அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பியிருக்கிறான், முகம் வெறும் புகையாக இருக்கிறது. இந்த ஒரே படம் நாலு வீட்டிலிருந்து வந்தது. மூன்று பேர் முன்பக்கத்தை மட்டும் அனுப்பினார்கள். நாலாவதாக அனுப்பிய அக்கா பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பியிருந்தார். அங்கேதான் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறது, பென்சிலில் ஒரு தேதி இருக்கிறது, அதன் கீழே பதினொரு பெயர் இருக்கிறது.

உடனே மற்ற மூன்றில் தெளிவான பிரதியை எடுத்துவைத்துப் பெயர்களைப் பொருத்திப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பெரியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எட்டு வயசுப் பிள்ளை நிற்கிறது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தபிறகு எதேச்சையாகச் சட்டைகளைக் கவனித்தேன். எல்லா ஆண்களுக்கும் சட்டைப்பை வலப்பக்கம்! பொத்தான் ஓரமும் மாறி இருந்தது. பின்னாளில் யாரோ நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். மூன்று வீட்டுச் சுவரிலும் இத்தனை வருஷமாக இடம் வலமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. திருப்பிப் போட்டதும் பதினொரு பேரும் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் வார்விக்‌ஷயர் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 1890-ஆம் ஆண்டு இதே வேலையைத் தொடங்கினார்கள். ஜெரோம் ஹாரிசன் என்ற அறிவியல் ஆசிரியரின் யோசனை அது. பர்மிங்காமில் பொழுதுபோக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்து, தங்கள் கவுண்டியின் பழைய கட்டடங்களையும் தெருக்களையும் படமாக்கிப் பொது நூலகத்துக்குக் கொடுத்தார்கள். மங்கிப்போகிற பிரிண்ட் ஆகாது, பிளாட்டினம், கார்பன் மாதிரி நிலைத்து நிற்கிற முறையில் போட்டுத்தான் தரவேண்டும் என்பதில் கறாராக இருந்தார்கள். 1897-இல் பெஞ்சமின் ஸ்டோன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இதையே நாடு முழுவதற்குமான சங்கமாக விரித்தார். அந்தப் படங்களை அட்டையில் ஒட்டி, எந்த இடம், எந்தத் தேதி, யார் எடுத்தது என்று எழுதிவைத்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அவர்கள் பார்த்த வேலையை, கையில் போன் வைத்திருக்கிற நாம் பார்க்கவில்லை என்றால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வயசில் எனக்குத் தபால்தலைப் பைத்தியம். தாத்தா கப்பலேறிப் போன இடத்திலிருந்து எழுதிய கடிதக் கட்டு எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றிலும் தபால்தலையைச் சதுரமாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து உரித்து எடுத்தேன். தலையோடு முத்திரையும் போயிற்று, முத்திரையோடு தேதியும் போயிற்று. அதைவிடக் கொடுமை, பாதிக்கு மேல் ஏரோகிராம். அது தனியாக உறை இல்லாத தாள், தபால்தலைக்கு நேர் பின்னால்தான் எழுத்து இருக்கும். இன்றைக்கு அந்தக் கடிதங்களை விரித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு சன்னல். "இந்த மாதம் பணம் அனுப்ப முடியாமல் போனதற்குக் காரணம்" என்று ஒரு வரி வந்து ஓட்டையின் விளிம்பில் நிற்கிறது. காரணத்தை நான் வெட்டி எறிந்துவிட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன்: கடிதம் அனுப்பும்போது உறையையும் விடாதீர்கள். நம் பெரியவர்கள் கடிதத்தில் வருஷம் எழுதுவதே அபூர்வம், முத்திரைதான் சொல்லும். உறை இல்லாத கடிதத்தில் கல்யாணம், பிறப்பு, இறப்பு ஏதாவது சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு காலத்தைக் கணக்குப் போடலாம், கைவசம் நாலைந்து அப்படி முடிந்திருக்கிறது.

எடுக்கும் முறை பற்றிச் சுருக்கமாக. ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) வைத்து, இரண்டு பக்கமும் எடுத்து, டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கிற வகை) கோப்பாக மின்னஞ்சலிலோ டிரைவிலோ போடுங்கள். போனில்தான் முடியும் என்றால் சன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைத் தயவுசெய்து உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டியவற்றைக் கழற்ற, பல் இடுக்கு சுத்தம் செய்கிற நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்துக்கொண்டே போகலாம். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நெகட்டிவ் சுருளில் வினிகர் மாதிரிக் காடி நெடி அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதவே கூடாது, அழுத்தம் முன்பக்க முகத்தில் தெரியும். மென்மையான பென்சில் போதும். 1970-களின் கலர் படங்கள் சிவந்துபோயிருந்தால் கவலை வேண்டாம், நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கியதால் வந்த சிவப்பு அது, ஸ்கேன் செய்தபின் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

கடிதங்களில் கடன், பாகப்பிரிவினை, மனஸ்தாபம் எல்லாம் இருக்கும். எதையும் குடும்பத்தைக் கேட்காமல் பொதுவில் போடமாட்டேன். சட்டப்படியும் கடிதத் தாள்தான் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். வேண்டாத பத்தியை மூடிவைத்துக்கூட அனுப்புங்கள், ஆனால் அசலில் கை வைக்காதீர்கள். அசல் எனக்கு வேண்டவே வேண்டாம், உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நினைவு மலரில் போடுவதற்கென்று முகங்களை மட்டும் வெட்டி அனுப்பலாமா என்று கேட்ட தம்பிக்கும் இதுதான் பதில்: ஓரத்தில் நிற்கிற சைக்கிளும் பின்னால் தெரியும் பெயர்ப்பலகையும்தான் பல நேரம் வருஷத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்த 26 பேரில் இன்னும் 15 பேர் பெயரில்லாமல் நிற்கிறார்கள். ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். வீட்டில் எழுபது, எண்பது வயசுப் பெரியவர் யாராவது இருந்தால் பெரிய திரையில் காட்டுங்கள். பெயரை மட்டும் கேட்டு நிறுத்தாமல் அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். முதலில் 7-ஆம் எண்ணைக் கேளுங்கள், தலையைத் திருப்பிய அந்தப் பையன்தான். பக்கத்தில் நிற்கிற பெண் அவன் தோளை அழுத்திப் பிடித்திருக்கிறார். அந்தக் கையை வைத்தாவது யாருக்காவது ஞாபகம் வரும்.

அன்புடன்,
படப்பெட்டிக்காரன்