கேமை கலையா எடுத்துப் படிக்க ஐடியா வேணும்

மக்களே ஒரு ஹெல்ப். வீடியோ கேமை ஒரு கலை வடிவமா எடுத்து ப்ராஜெக்ட் பண்ணலாம்னு இருக்கேன், ஆனா கைடு "விளையாட்டுல என்னப்பா ஆராய்ச்சி"ங்கிறார். நியூயார்க்ல இருக்கிற மோமாங்கிற நவீன கலை மியூசியமே 2012-ல பேக்மேன், டெட்ரிஸ்னு 14 கேமை கலெக்‌ஷன்ல சேத்துச்சேன்னு சொன்னேன், மியூசியத்துல வெச்சா கலையாயிடுமான்னு திருப்பிக் கேட்டுட்டார் (நியாயமான கேள்விதான், கடுப்பாவும் இருந்துச்சு).

எனக்குத் தோணுறது என்னன்னா, கதை, இசை, ஓவியம்லாம் மத்த கலையிலயும் இருக்கு, ஆனா 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'ங்கிற கேம்ல நாமதான் பார்டர்ல பாஸ்போர்ட் செக் பண்ற ஆபீசர், அங்க நிக்கிற ஆளை உள்ள விடாம திருப்பி அனுப்புறது நம்ம கைதான், அந்தக் குற்ற உணர்ச்சி சும்மா பாக்குறவங்களுக்கு வராது. இதை எப்படி எழுத்துல கொண்டுவர்றதுன்னுதான் முழிக்கிறேன். கேமோட விதிகளை வெச்சு விமர்சனம் எழுதிப் பழகினவங்க யாராவது இருந்தா, விளையாடுறப்ப என்ன நோட்ஸ் எடுப்பீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.