நெடுஞ்சாலைப் பணிகள்: சோதனையைக் குறைத்தால் வேகம் வருமா?

மைல்கல்:
2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த ஐ-35டபிள்யூ பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். அதே இடத்தில் புதுப் பாலம் 2008 செப்டம்பர் 18 அன்று திறக்கப்பட்டது. பதின்மூன்றரை மாதம்தான்.

இத்தாலியின் ஜெனோவாவில் 2018 ஆகஸ்ட் 14 அன்று மொராண்டி பாலம் விழுந்து 43 உயிர்கள் போயின. எஞ்சி நின்றதை இடித்துவிட்டு, 1,067 மீட்டர் நீளத்துக்குப் புதிதாகக் கட்டி, 2020 ஆகஸ்ட் 3 அன்று திறப்பு விழாவே நடந்துவிட்டது. நகர மேயரைச் சிறப்பு ஆணையராக்கி, வழக்கமான கொள்முதல் விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தார்கள்.

இருபது வருடமாக ஒப்பந்ததாரர் பக்கம் இருந்து திட்டமிடல் வேலை பார்க்கிறேன். கான்கிரீட் வேண்டிய வலு பெற 28 நாள் என்று என்னால் அட்டவணையில் எழுத முடிகிறது. அரசு ஒப்புதலுக்கான ஒரு கையெழுத்துக்கு எத்தனை நாள் என்று எழுத முடியவில்லை. அமெரிக்காவில் 2023-ல் சட்டத்தைத் திருத்தி, முழுச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு 2 ஆண்டு, சிறிய மதிப்பீட்டுக்கு 1 ஆண்டு என்று வரம்பு வைத்தார்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். கெடு தாண்டினால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும். இதை ஏற்காதவர்கள் காரணம் சொல்லுங்கள்.

கூழாங்கல்:
சொல்கிறேன், நண்பரே. அந்த மினியாபொலிஸ் பாலம் ஏன் விழுந்தது என்பதை நீங்கள் எழுதவில்லை. பாலத்தின் எஃகுச் சட்டங்கள் சேரும் இடத்தில் வைக்கும் இணைப்புத் தகடுகள், வேண்டிய தடிமனில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தன. 1960களில் வடிவமைப்பில் நடந்த பிழை. வரைபடத்தைச் சரிபார்த்த எவர் கண்ணிலும் அது படவில்லை. நாற்பது வருடம் கழித்து, பின்னாளில் ஏறிய கூடுதல் எடையும், அன்று பராமரிப்பு வேலைக்காகத் தளத்தில் குவித்திருந்த பொருட்களும் சேர்ந்து அதைக் கீழே இழுத்தன. வேகத்துக்குச் சாட்சியாக நீங்கள் கூப்பிட்ட பாலம், சரிபார்ப்புக்குத்தான் சாட்சி சொல்கிறது.

இன்னொன்று. மினியாபொலிஸிலும் ஜெனோவாவிலும் பாதை ஏற்கெனவே இருந்தது. எந்த வழியாகப் போவது என்ற சண்டை கிடையாது. பணம் எங்கிருந்து என்ற கேள்வியும் பெரிதாக இல்லை. நாடே துக்கத்தில் இருந்ததால் எல்லாத் துறைகளும் ஒரே மேசைக்கு வந்தன. புதிதாக 200 கிலோமீட்டர் சாலை போடுவதற்கு இந்த நிலைமைகளில் ஒன்றும் பொருந்தாது.

மயாமியையும் நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச் 10 அன்று, பக்கத்தில் வைத்துக் கட்டிய 950 டன் நடைபாலத்தைச் சில மணி நேரத்தில் நகர்த்தித் தூணில் ஏற்றினார்கள். விரைவுக் கட்டுமானத்துக்கு அதுதான் எடுத்துக்காட்டு என்றார்கள். மார்ச் 15 அன்று அது ஓடும் வண்டிகள் மேல் விழுந்து 6 பேர் இறந்தார்கள். விசாரணையில் வந்தது கணக்குப் பிழை. அதைத் தனியாகச் சரிபார்க்க வைத்த நிறுவனம் அந்த வேலைக்கான தகுதிப் பட்டியலிலேயே இல்லை.

மைல்கல்:
மயாமியை நானும் மறக்கவில்லை. ஆனால் அங்கே ஒப்புதல் சீக்கிரம் வந்ததால் பாலம் விழவில்லை. தப்பான ஆள் சரிபார்த்தார். விரிசல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் கீழே போக்குவரத்தை யாரும் நிறுத்தவில்லை. விரிசலைப் பார்த்த பொறியாளர் ஒருவருக்குச் சாலையை மூடச் சொல்லும் அதிகாரமும் துணிச்சலும் இருந்திருந்தால் அந்த ஆறு பேரும் பிழைத்திருப்பார்கள். மூன்று வருடம் கூடுதலாக ஃபைல் சுற்றியிருந்தாலும் அந்தப் பிழை அப்படியேதான் இருந்திருக்கும்.

நகர்த்தி வைக்கும் முறையே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபோர்டில் 2011 கோடையில் ஐ-93 சாலையின் 14 பாலங்களுக்கு மேல்தளத்தை மாற்றினார்கள். பத்தே வார இறுதிகள்! தளத் துண்டுகளை முன்கூட்டியே வார்த்து வைத்து, வெள்ளி இரவு சாலையை மூடி, பழையதைப் பெயர்த்து, புதியதை இறக்கி, திங்கள் காலைக்குள் திறந்தார்கள். வழக்கமான முறையில் குறைந்தது நான்கு வருடம் மக்கள் நெரிசலில் நின்றிருப்பார்கள். ஒப்பந்தமும் அதற்கேற்றாற்போல் எழுதப்பட்டது.

ஒப்பந்தம் என்றதும் ஏலத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. விலையோடு நாட்களையும் சேர்த்து ஏலம் விடுகிற முறை இருக்கிறது. சாலை ஒரு நாள் மூடிக் கிடந்தால் மக்களுக்கு அரை அலகு நட்டம் என்று வைப்போம். ஒருவர் 500 அலகு, 400 நாள் என்கிறார், மொத்தம் 700. இன்னொருவர் 520 அலகு, 300 நாள் என்கிறார், மொத்தம் 670. வேலை இரண்டாமவருக்கு. மக்களின் நேரத்துக்கும் விலை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகிற முறை இது. 1994 நார்த்ரிட்ஜ் பூகம்பத்துக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸின் சாண்டா மோனிகா நெடுஞ்சாலையில், முந்தி முடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2 லட்சம் டாலர் ஊக்கத்தொகை வைத்தார்கள். 140 நாள் வேலை 66 நாளில் முடிந்தது.

கூழாங்கல்:
அந்த 140 நாளை நிர்ணயித்தது யார், எப்படி என்று கேளுங்கள். கெடுவைத் தளர்வாக வைத்துவிட்டு முந்தி முடித்தவருக்குப் பரிசு கொடுத்தால் அது பொதுப் பணத்தை வாரிக் கொடுப்பதுதான். பேரிடரில் அந்தத் தளர்வை நானும் மன்னிப்பேன். சாதாரணப் பணியில், ஏலத்தில் பங்கில்லாத ஒருவர் நாட்கணக்கைப் போட வேண்டும். அது இருந்தால் இந்த முறைக்கு நான் எதிரி இல்லை.

செங்காந்தள்:
நீங்கள் இரண்டு பேரும் தரைக்கு மேலேயே நிற்கிறீர்கள். நான் பதினைந்து வருடமாகக் குழாய், கேபிள் மாற்றி அமைக்கும் பணியில் இருக்கிறேன். பல இடங்களில் மாதங்கள் தொலைவது மண்ணுக்கு அடியில்தான்.

ஒரு மேம்பாலப் பணியில் மூன்றாவது தூணுக்கு அடித்தளத் தூண் (பைல்) இறக்கத் தோண்டினோம். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பெரிய குடிநீர்க் குழாய் வந்தது. எந்தத் துறையும் முதலில் அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்ட பிறகு, மாற்றும் செலவு யாருடையது என்ற கடிதப் போக்குவரத்து. துளையிடும் ரிக் இயந்திரம் ஏழு மாதம் சும்மா நின்றது. அதற்கும் வாடகை ஓடியது. அந்த ஏழு மாதத்தில் ஒரு நாள்கூடச் சுற்றுச்சூழல் அனுமதிக்காகப் போனதல்ல.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் தெருவில் ஓடும் டிராம் ரயிலின் கதையும் இதேதான், இதைவிடப் பெரிய அளவில். 2008-ல் தொடங்கி 2011-ல் ஓட வேண்டியது, 2014 மே 31 அன்றுதான் ஓடியது. செலவு 77 கோடி பவுண்டைத் தாண்டியது, பாதையின் நீளமோ குறைந்தது. முடியாத வடிவமைப்போடு ஒப்பந்தம் போட்டார்கள். தெருவுக்கு அடியில் நினைத்ததைவிட அதிகமான குழாய்களும் கேபிள்களும் கிடந்தன.

மருந்து இருக்கிறது. மண்ணுக்கு அடியில் உள்ளதை ரேடார் வைத்தும், வெற்றிட உறிஞ்சியால் சிறு குழி எடுத்தும் முன்கூட்டியே கண்டுபிடிப்பது. 1999-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 71 நெடுஞ்சாலைத் திட்டங்களைப் பார்த்து, இதற்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 4.62 டாலர் மிச்சமானதாகச் சொன்னது. ஆனால் திட்டம் அறிவிக்கும்போது எல்லாருக்கும் அடிக்கல் நாட்டும் தேதிதான் முக்கியம். ஆய்வுக்கு ஆறு மாதம் கேட்டால், தாமதம் செய்கிறவள் என்று எனக்குப் பெயர் வருகிறது.

வழிப்போக்கன்:
நான் பொறியாளர் இல்லை. என் அப்பாவின் நிலம் ஒரு சாலைக்காக எடுக்கப்பட்டது. மைல்கல் ஐயா, “கெடு தாண்டினால் ஒப்புதல்” என்ற வரியைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

சாலை வேண்டாம் என்று அப்பா ஒரு நாளும் சொல்லவில்லை. நிலத்தை அளக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர். நோட்டீஸில் சர்வே எண் தப்பாக இருந்தது. ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம், பதில் வரவில்லை. கிணறும் மரங்களும் மதிப்பீட்டில் சேரவேயில்லை. வேறு வழி தெரியாமல்தான் நீதிமன்றம் போனோம். பணம் வர ஆறு வருடம் ஆனது. அப்பா அதைப் பார்க்கவில்லை.

எங்கள் ஆட்சேபத்துக்கு ஒரு மாதத்தில் ஒருவர் நேரில் வந்து கிணற்றைப் பார்த்திருந்தால் வழக்கே இருந்திருக்காது. தாமதத்தால் நாங்களும்தான் அழிந்தோம், ஐயா. ஆனால் உங்கள் விதிப்படி, பதில் வராத ஆட்சேபம் தானாகவே செத்துப்போகும். பதில் சொல்லாமல் இருந்தவருக்கு அது பரிசு.

மைல்கல்:
தம்பி, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை. ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளும் யோசனையை நிலம், இழப்பீடு இரண்டிலிருந்தும் எடுத்துவிடுகிறேன். அங்கே கெடு இருந்தால் அது துறையின் கழுத்தில்தான் இருக்க வேண்டும். பதில் தராத ஒவ்வொரு மாதத்துக்கும் இழப்பீட்டோடு வட்டி ஏற வேண்டும்.

ஆனால் துறைக்கும் துறைக்கும் இடையில் சுற்றும் ஃபைலுக்கு என் வாதம் அப்படியே நிற்கிறது. செங்காந்தள் சொன்ன ஏழு மாதம் அதற்குச் சான்று. குழாய் யாருடையது என்று சொல்ல ஒரு துறைக்கு 30 நாள் போதும். சொல்லாவிட்டால் ஒப்பந்ததாரர் மாற்றிவிட்டு அந்தத் துறைக்குப் பில் அனுப்பட்டும்.

கூழாங்கல்:
குழாயில் அதை ஏற்கிறேன். சுற்றுச்சூழல் ஆய்வில் ஏற்க மாட்டேன். அமெரிக்காவிலேயே நெடுஞ்சாலைப் பணிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் முழு ஆய்வு தேவையில்லாத வகையில்தான் போகின்றன. நீண்ட அறிக்கை கேட்கப்படுவது சதுப்புநிலத்தை வெட்டுகிற, குடியிருப்பைப் பிளக்கிற சில திட்டங்களுக்கு மட்டும். அவற்றுக்கும் தானாக ஒப்புதல் என்றால், ஆய்வு செய்கிறவரை ஆள் இல்லாமல் வைத்திருந்தாலே போதும், திட்டம் நிறைவேறிவிடும். கெடு வைக்க வேண்டுமென்றால் முதலில் அந்த அலுவலகத்தில் ஆட்களை நிரப்புங்கள்.

செங்காந்தள்:
என் ஆறு மாத நிலத்தடி ஆய்வுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிய பிறகுதான் ஆய்வுக்குப் பணம் வருகிறது. ஒதுக்கிய மறுநாளே டெண்டர் கேட்கிறார்கள். ஒதுக்கீட்டுக்கு முன்பே ஆய்வை முடிக்கத் தனி நிதி வைக்க நீங்கள் இருவரும் சம்மதிப்பீர்களா? கடைசியில் சாலை வராமல் போனால் அந்தப் பணம் வீண் என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வீர்கள்?

மைல்கல்:
சம்மதம். மூன்று திட்டங்களில் ஒன்று ஆய்வோடு நின்றாலும் மற்ற இரண்டில் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். கூழாங்கல் என்ன சொல்கிறார்?

கூழாங்கல்:
நின்றுபோன மூன்றாவது திட்டத்தின் ஆய்வு அறிக்கையையும் பொதுவில் வைப்பதானால், நானும் சம்மதம்.