மே 1 ரயில் ஸ்டிரைக்: தாம்பரத்துக்காரங்க மெட்ரோ ஏற வேண்டியது ஏர்போர்ட்டிலா, ஆலந்தூரிலா?

தாம்பரம்மேற்கு | மார்ச் 3, 2024, காலை 9:12

பழைய பென்ஷன் கேட்டு மே 1-லிருந்து காலவரையற்ற ஸ்டிரைக்னு ரயில்வே சங்கங்கள் அறிவிச்சிருக்கு. மார்ச் 19 நோட்டீஸ் குடுக்கிறதா சொல்லியிருக்காங்க. அதுக்குப் பக்கத்து இழையில ஒருத்தர் எழுதின யோசனை: "ரயில் நின்னா என்ன, மெட்ரோ இருக்கே. தாம்பரம் ஆளுங்க ஆலந்தூர் போய் ஏறிக்கலாம், அங்க மூணு நிமிஷத்துக்கு ஒரு வண்டி."

இதை நம்பி யாரும் கிளம்பிடாதீங்க. ஏற வேண்டிய இடம் ஏர்போர்ட். அது முதல் நிலையம், வண்டி காலியா நிக்கும். தாம்பரத்திலிருந்து ஏர்போர்ட் சுமார் 9 கிலோமீட்டர். ஆலந்தூர் போகணும்னா அதே ஜிஎஸ்டி ரோட்டுல அதே பஸ்ஸில ஏர்போர்ட்டைத் தாண்டித்தான் போகணும். காலியா நிக்கிற வண்டியை விட்டுட்டு முன்னாடி போய் நிரம்பின வண்டிக்கு நிக்கிறது என்ன கணக்கு?

இன்னொண்ணு, மே 1 தொழிலாளர் தினம், விடுமுறை. உண்மையான சோதனை மே 2, வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு. அதுக்குத்தான் திட்டம் வேணும்.

ஆசர்கானா | காலை 9:40

அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம் சார்.

நான் எழுதினதுல பாதியைத்தான் எடுத்துப் போட்டிருக்கீங்க. பீக் நேரத்துல ஏர்போர்ட்டிலிருந்து வண்டி 6 நிமிஷத்துக்கு ஒண்ணு. ஆலந்தூருக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவுல 3 நிமிஷத்துக்கு ஒண்ணு. அந்த நடு வண்டி எங்கிருந்து வருது? ஆலந்தூர்ல கிளம்புது. அதுவும் காலி வண்டிதான். ஏர்போர்ட்ல மணிக்கு 10 வண்டி, ஆலந்தூர்ல 20. பத்து பெருசா இருபது பெருசா?

தாம்பரம்மேற்கு | காலை 9:58

இருபதுல பத்து ஏற்கெனவே ஏர்போர்ட், மீனம்பாக்கம், நங்கநல்லூர் ரோடு மூணு இடத்துலயும் நிரம்பி வரும். மிச்சம் பத்து. அந்தப் பத்துக்கு யார் யார் போட்டி? பரங்கிமலைப் பக்கத்திலிருந்து மெட்ரோவோட இன்னொரு வழியான பச்சைப் பாதையில வந்து மாறுறவங்க, வடபழனி, அசோக் நகர்லேருந்து வந்து மாறுறவங்க, பக்கத்துல இருக்கிற கத்திப்பாரா சந்திப்புல பஸ் இறங்குறவங்க. ஏர்போர்ட்ல போட்டிக்கு யார்? பெட்டியோட வர்ற விமானப் பயணி கொஞ்சம் பேர்.

கணக்கு கேட்டீங்களே, இந்தாங்க. ஒரு மெட்ரோ வண்டி 4 பெட்டி, 1,276 பேர். மணிக்கு 10 வண்டின்னா 12,760 பேர். தாம்பரம் எலக்ட்ரிக் வண்டி 12 பெட்டி, குறைச்சு வெச்சாலும் 2,000 பேர். ஒரு லோக்கல் நின்னா ஒன்றரை மெட்ரோ வேணும், இல்லேன்னா 65 பேர் வீதம் 31 பஸ் வேணும். அதனாலதான் காலி வண்டி கிளம்புற முதல் நிலையத்துலயே ஏறணும்னு சொல்றேன்.

மறைமலைநகர் | காலை 10:25

ரெண்டு பேரும் தாம்பரத்துலயே நிக்கிறீங்க. அதுக்கு இந்தப் பக்கம் செங்கல்பட்டு வரைக்கும் ஊர் இருக்குங்க. கூடுவாஞ்சேரி, பொத்தேரி, சிங்கப்பெருமாள்கோவில் ஆளுங்களுக்கு 500 வரிசை பஸ்தான் வழி. அது பெருங்களத்தூரைத் தாண்டுறதுக்குள்ளயே பாதி காலை போயிடும். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து வெளியூர் பஸ் எல்லாம் அங்க நிக்குது. ஊர்ல இருந்து வர்ற கூட்டமும் அங்கிருந்து சிட்டி பஸ்ஸைத்தான் பிடிக்கும். அதனால தாம்பரத்துல 18A சிட்டி பஸ் வரும்போது உக்கார இடம் இருக்கும்னு நினைக்காதீங்க. 18A கிளாம்பாக்கத்துலயே நிரம்பிடும்.

தாம்பரத்திலிருந்து மகிந்திரா சிட்டி, மறைமலை நகர் வேலைக்கு வர்றவங்களுக்கு மட்டும் நல்ல செய்தி. காலையில எதிர்த்திசை. பஸ் கிடைக்கும், ரோடும் விடும்.

ஆசர்கானா | காலை 10:41

@மறைமலைநகர் சொன்னதைப் பாருங்க. 18A நிரம்பி வரும். நிரம்பின பஸ்ஸில ஏறினவன் ஏர்போர்ட்ல இறங்க முடியுமா? நடுவுல மாட்டிக்கிட்டு படிக்கு வர்றதுக்குள்ள பஸ் மீனம்பாக்கம் போயிருக்கும். ஆசர்கானா நிறுத்தத்துல பாதி பஸ் காலியாகும், தானா இறங்கலாம், பக்கத்துலயே ஆலந்தூர் மெட்ரோ.

தாம்பரம்மேற்கு | காலை 10:55

பஸ்ஸில படிக்கு வரத் தெரியாதவங்களுக்காகத் திட்டத்தை மாத்த முடியாது. பல்லாவரம் தாண்டின உடனே முன்னாடி நகர வேண்டியதுதான்.

நகரத்துக்குப் போற பஸ் ரோட்டோட இடது ஓரத்துல நிக்கும். ஏர்போர்ட் இருக்கிறதும் அதே இடது பக்கம். ரோடே கடக்க வேண்டாம். இறங்கினா நேரா நிலையம். ஆலந்தூர்ல காலை எட்டு மணிக்கு கத்திப்பாரா நெரிசல் பின்னாடி வந்து நிக்கும். அந்த நெரிசலுக்கு முன்னாலேயே ரோட்டை விட்டு இறங்கி ரயிலுக்கு மாறிடணும். இதுதான் என் திட்டத்தோட உயிர்.

மெட்ரோ அட்டையில பணத்தை ஏப்ரல் 30 அன்னைக்கே போட்டு வைங்க. ரெண்டு நாளுக்குப் போக வர ஆகுற பணம் இருக்கணும். கதவுகிட்ட வந்து பணம் போதலைன்னு திரும்பினா பின்னாடி இருக்கிற முப்பது பேரும் நிப்பாங்க. கியூஆர் டிக்கெட்னா வீட்டிலயே எடுத்து படமா சேமிச்சு வைங்க. அட்டைக்கும் கியூஆருக்கும் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. தாம்பரம்–பீச் 10 ரூபாய்க்குப் போனவங்களுக்கு மெட்ரோ 40, 50 பெரிய அடிதான், அந்த இருபது சதவீதமாவது மிஞ்சட்டும்.

எங்க இறங்கணும்னும் இப்பவே பாத்து வைங்க. பூங்கா நிலையம் போறவங்க சென்ட்ரல். பீச் நிலையம்னா உயர்நீதிமன்றம் இறங்கி நடை. எழும்பூருக்கு எழும்பூரே இருக்கு, சென்ட்ரல்ல பச்சைப் பாதைக்கு மாறணும். கோடம்பாக்கத்துக்கு வடபழனி. சேத்துப்பட்டுன்னா கீழ்ப்பாக்கம் இல்ல நேரு பூங்கா. மாம்பலத்துக்குத்தான் கஷ்டம், நந்தனம் இறங்கி தி.நகருக்கு பஸ் பிடிக்கணும். நுங்கம்பாக்கத்துக்குப் பக்கத்துல எதுவும் கிடையாது, ஆயிரம் விளக்கு இறங்கி ஆட்டோதான்.

வேளச்சேரிவழி | காலை 11:20

ஏன் இவ்வளவு சுத்தணும்? தாம்பரம் கிழக்குல பஸ் பிடிச்சு மேடவாக்கம் வழியா வேளச்சேரி, அங்கிருந்து பறக்கும் ரயில். மயிலாப்பூர், சேப்பாக்கம் போறவங்களுக்கு நேர்வழி.

தாம்பரம்மேற்கு | காலை 11:24

பறக்கும் ரயிலை ஓட்டுறது யார் தம்பி? தெற்கு ரயில்வே. ஸ்டிரைக் யாருடையது? ரயில்வேக்காரங்களுடையது. அதுவும் ஓடாது. ஓடினாலும் 2023 ஆகஸ்ட் 27-லிருந்து சிந்தாதிரிப்பேட்டையோட முடிஞ்சுடுது, பீச் வரைக்கும் போறதில்ல.

ஆசர்கானா | காலை 11:31

@வேளச்சேரிவழி தப்பாச் சொல்லிட்டார், சரி. ஆனா அவர் சொன்ன ரோடு சரியான ரோடு. தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர், ஓஎம்ஆர் போறவங்க ஜிஎஸ்டி பக்கமே வரக்கூடாது, மேடவாக்கம்தான். அம்பத்தூர் எஸ்டேட் போறவங்களுக்கு மதுரவாயல் பைபாஸ். இவங்க எல்லாம் விலகினாத்தான் மிச்சப் பேருக்கு ரோடு. தாம்பரம்மேற்கு சார் எல்லாரையும் ஏர்போர்ட் வாசல்ல கொண்டுபோய் நிறுத்துறார்.

அதோட, சாயங்காலத்தைப் பத்தி ஒரு வரி கூட எழுதல. திரும்பி வரும்போது ஏர்போர்ட்ல இறங்கினா தாம்பரம் பஸ் நிக்கிறது எதிர்ப்பக்கம், திரிசூலம் பக்கம். சுரங்கப்பாதை இறங்கி ஏறணும். அங்க நின்னா கிண்டியிலிருந்தும் கோயம்பேட்டிலிருந்தும் வர்ற பஸ் ரெண்டுமே நிரம்பி வரும், நிக்காமப் போகும். ஆசர்கானாவுல நின்னா அதே பஸ்ஸில அங்க இறங்குறவங்க இடம் விடுவாங்க. காலையில எப்படியோ போங்க, சாயங்காலம் ஆலந்தூர்தான்.

தாம்பரம்மேற்கு | பகல் 12:10

காலையைப் பத்திதான் இந்த இழை. தலைப்பைப் படிங்க, "ஏற வேண்டியது". ஏற வேண்டியது ஏர்போர்ட்.

ஆசர்கானா | பகல் 12:14

காலையில போறவன் சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டாமா?

ஆவடிலோக்கல் | பகல் 12:30

சென்னைன்னா தாம்பரம் மட்டும்தானா? அரக்கோணம் பாதையில எத்தனை ஊர் இருக்கு, ஒருத்தராவது பேசுறீங்களா? ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் ஆளுங்க எந்த பஸ் கிடைச்சாலும் திருமங்கலம் வந்து பச்சைப் பாதை பிடிக்கணும். அங்கிருந்து சென்ட்ரல் நேர் வண்டி, மாற வேண்டியதில்ல. கோயம்பேடு வரைக்கும் போகாதீங்க, அது பின்னாடி போறது. எண்ணூர், திருவொற்றியூர் ஆளுங்களுக்கு விம்கோ நகர் டிப்போ மெட்ரோ. அதுவும் முதல் நிலையம்தான், காலி வண்டி.

தாம்பரம்மேற்கு | பகல் 12:38

பாத்தீங்களா! விம்கோ நகர்க்காரருக்கு முதல் நிலையத்துல ஏறுன்னு அவரே சொல்றார். முதல் நிலையம்னா முதல் நிலையம். இந்தப் பக்கம் முதல் நிலையம் ஏர்போர்ட்.

ஆவடிலோக்கல் | பகல் 12:40

என் பதிவை உங்க சண்டைக்கு இழுக்காதீங்க. நான் கேட்டது ஆவடிக்கு.

செங்கொடி | பிற்பகல் 2:05

எந்த வண்டி, எந்தப் படின்னு இத்தனை பேசுறீங்க. அவங்க எதுக்கு நிறுத்தப் போறாங்கன்னு ஒருத்தருக்கும் அக்கறை இல்ல. 2004 ஜனவரி 1-க்கு அப்புறம் சேர்ந்தவனுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. ராத்திரி பகல் பாக்காம வண்டி ஓட்டுறவன் ஓய்வுக்கப்புறம் பங்குச் சந்தையை நம்பி நிக்கணுமா? 1974 மே 8-லிருந்து 27 வரைக்கும் நாடு முழுக்க ரயில் தொழிலாளிங்க நின்னாங்க. ஜெயிலுக்குப் போனாங்க, வேலையை இழந்தாங்க. அதை மறந்துட்டு பத்து ரூபா டிக்கெட்டுக்குப் புலம்புறீங்க.

மறைமலைநகர் | பிற்பகல் 2:20

அக்கறை இருக்குங்க. ஆனா பாதிப்பு மந்திரிக்கு இல்ல, ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் லேட்டானா அரை நாள் சம்பளம் போற ஒப்பந்தத் தொழிலாளிக்கு. அவனுக்குப் பழைய பென்ஷனும் இல்ல, புதுப் பென்ஷனும் இல்ல. போன ஜனவரி 9, 10 பஸ் ஸ்டிரைக்லயும் அடி அவனுக்குத்தான் விழுந்துச்சு. பஸ் சங்கமும் ஆதரவுன்னு கூடவே இறங்கிட்டா இந்த இழையில எழுதின திட்டம் ஒண்ணும் மிஞ்சாது.

செங்கொடி | பிற்பகல் 2:26

ஜனவரியில ஆளுங்கட்சிச் சங்கம் பஸ்ஸை ஓட்டுச்சு. அதை ஏன் எழுதல?

சட்டப்புள்ளி | மாலை 4:15

ஸ்டிரைக்கே நடக்காது. தொழில் தகராறுச் சட்டம் 1947, பிரிவு 22. பொதுப் பயன்பாட்டுப் பணியில நோட்டீஸ் குடுத்து 14 நாள் முடியணும், அந்த நோட்டீஸ் ஸ்டிரைக்குக்கு முந்தின ஆறு வாரத்துக்குள்ள குடுத்ததா இருக்கணும். சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிஞ்சு 7 நாளும் ஸ்டிரைக் கூடாது. மார்ச் 19-லிருந்து ஆறு வாரம், அதாவது 42 நாள் எண்ணுங்க. ஏப்ரல் 30-ல முடிஞ்சுடுது. மே 1 நாற்பத்து மூணாவது நாள். நோட்டீஸே செல்லாது.

செங்கொடி | மாலை 4:31

குடுத்த நாளைச் சேர்த்து எண்ணுவீங்களா, விட்டு எண்ணுவீங்களா?

சட்டப்புள்ளி | மாலை 4:33

விட்டுத்தான் எண்ணினேன். 12-ம் 30-ம் 42. மே 1 நாற்பத்து மூணு.

செங்கொடி | மாலை 4:36

கூட்டல் பாத்து எந்தச் சங்கமும் நின்னதில்ல. இன்னொரு நோட்டீஸ் குடுக்க ஒரு தாள் போதும்.

ஆசர்கானா | மாலை 5:02

மெட்ரோவும் நின்னா? 2019 ஏப்ரல் கடைசியில மெட்ரோ ஊழியருங்களே வேலையை நிறுத்தினாங்க. அன்னைக்கு ஏர்போர்ட்ல ஏறினவனும் ஒண்ணு, ஆலந்தூர்ல ஏறினவனும் ஒண்ணு. ஆனா ஆலந்தூர்ல நின்னவனுக்குக் கத்திப்பாராவுல நாலு திசைக்கும் பஸ் இருந்துது. ஏர்போர்ட்ல நின்னவனுக்கு என்ன இருந்துது?

தாம்பரம்மேற்கு | மாலை 5:20

அது மெட்ரோவோட தனிப் பிரச்சினை. மெட்ரோ மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி வெச்சிருக்கிற கம்பெனி, அதோட ஊழியர் ரயில்வே ஊழியர் இல்ல. ரயில்வே ஸ்டிரைக்குக்கு மெட்ரோ நிக்காது.

கடைசியா ஒருமுறை எழுதறேன். ஆறரைக்குள்ள தாம்பரம் மேற்கு நிறுத்தத்துக்கு வந்துடணும். 18A-வோ 21G-யோ, ஜிஎஸ்டி ரோட்டுல போற எதுவானாலும் ஏறணும். பெண்கள் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில காசு குடுக்க வேண்டாம், டீலக்ஸ் வந்தா விட்டுடுங்க. பல்லாவரம் தாண்டி முன்னாடி வரணும். ஏர்போர்ட்ல இறங்கணும். இரு சக்கர வண்டியில வர்றவங்க மீனம்பாக்கத்துல நிறுத்திட்டு ஏறலாம், ஏழுக்குள்ள வந்தா இடம் கிடைக்கும். மே மாசமும் சேர்ந்து வர்ற மூணு மாச ரயில் சீசன் டிக்கெட்டை இப்பவே எடுக்காதீங்க, ஏப்ரல் கடைசி வரைக்கும் பொறுங்க.

ஆசர்கானா | மாலை 5:28

மீனம்பாக்கத்துல வண்டி நிறுத்தி ஏறலாம்னு நீங்களே எழுதிட்டீங்க. அது முதல் நிலையமா?

தாம்பரம்மேற்கு | மாலை 5:30

ரெண்டாவது நிலையம். நாலாவதை விட ரெண்டாவது மேல்.

ஆசர்கானா | மாலை 5:31

அப்ப முதல்னு காலையிலிருந்து ஏன் கத்துனீங்க? மே 2 ஏழே முக்காலுக்கு ஆலந்தூர் மூணு நிமிஷ வண்டி, ஏர்போர்ட் ஆறு நிமிஷ வண்டி. மூணா, ஆறா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

தாம்பரம்மேற்கு | மாலை 5:33

காலி வண்டியா, நிரம்பின வண்டியா? முதல்ல நீங்க சொல்லுங்க.

ஆவடிலோக்கல் | மாலை 5:50

ஆவடியிலிருந்து திருமங்கலத்துக்குக் காலை ஆறு மணிக்கு முன்னாடி எத்தனை பஸ் இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?

சட்டப்புள்ளி | மாலை 6:04

நாற்பத்து மூணு.

ஆவடிலோக்கல் | மாலை 6:05

பஸ்ஸா?

சட்டப்புள்ளி | மாலை 6:07

நாள். மே 1 நாற்பத்து மூணாவது நாள். செங்கொடி இன்னும் பதில் சொல்லல.